மோட்டார் வண்டியின் உஷ்ண சென்சார்: கோளாறு அறியும் முறை

நூற்கட்டுகளையும் நெய்த சேலைகளையும் ஏற்றிச் செல்லும் நெசவாளரும், விடியற்காலைச் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லும் விவசாயியும் இன்று மோட்டார் வண்டியை நம்பியே தொழில் நடத்துகின்றனர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் நிற்கிறது. ஏற்றியது விளைபொருளாயின் சரக்கும் கெட்டுவிடுகிறது. ஆகையால், வண்டிக்கு வரும் நோய்களில் தவறாகக் கணிக்கப்படுவதற்கு மிகவும் இடமுள்ள ஒன்றைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வண்டி வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது. புகை கறுப்பாக வருகிறது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கிறது. பட்டறைக்குக் கொண்டு போனால் முதலில் ஸ்பார்க் பிளக் மாறும். பிறகு பெட்ரோல் பம்ப் மாறும். அதன்பின் இஞ்செக்டரைக் கழற்றிக் கழுவுவார்கள். நோய் அப்படியே இருக்கும். காரணம், எஞ்சினின் சூட்டை அளக்கும் விரல் நுனியளவான ஒரு சென்சார் பொய் சொல்வதாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, சென்சாரையே இரண்டு மூன்று முறை மாற்றியும் பயன் காணாமல், கடைசியில் அதற்குப் போகும் ஒயரே பழுது என்று கண்டறிவதும் உண்டு. இரண்டும் வீண் செலவே. செலவுகூடப் பெரிதன்று. சென்சார் பொய் சொன்னால், சுழல வேண்டிய விசிறி சுழலாமல் எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, வண்டியே படுத்துவிடக்கூடும்.

சென்சார் என்பது யாது?

எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் கூலண்ட் எனப்படும் திரவத்தில் இதன் முனை நனைந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இது தெர்மோஸ்டாட் பொருத்தப்பட்ட உறையின் அருகிலோ, சிலிண்டர் ஹெட்டிலோ திருகப்பட்டிருக்கும். பித்தளை உடல், பிளாஸ்டிக் தலை, அதில் இரண்டு ஊசிகள், அவற்றின்மேல் மாட்டும் ஒரு கப்ளர். வெளியே தெரிவது இவ்வளவுதான்.

பித்தளைக் குமிழுக்குள் தெர்மிஸ்டர் என்னும் சிறு மணி இருக்கிறது. மாங்கனீசு, நிக்கல் முதலிய உலோகங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்டு இதனைச் செய்கிறார்கள். செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்சாரம் அதன் வழியே செல்வது சற்றுக் கடினமாகும்; அதாவது மின்தடை கூடும். தெர்மிஸ்டரின் குணம் இதற்கு எதிரானது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டே போகும். இத்தகைய குணம் வெள்ளிச் சல்பைடில் இருப்பதை மைக்கேல் பாரடே 1833இலேயே கண்டறிந்தார். கடைச் சரக்காக விற்கத்தக்க தெர்மிஸ்டரை அமெரிக்கரான சாமுவேல் ரூபன் 1930இல் உருவாக்கினார். 1967இல் பாஷ் கம்பெனியின் மின்னணுப் பெட்ரோல் பாய்ச்சும் முறை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்தபோது, சூட்டை அளந்து பெட்ரோலின் அளவைத் திருத்தும் வேலை இத்தகைய சென்சாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது காற்றினால் குளிரும் எஞ்சினாதலால், சென்சார் சிலிண்டர் ஹெட்டிலேயே வைக்கப்பட்டது. இக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் கூலண்டால் குளிர்பவை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று ஓட்டுநர் முன்னுள்ள மீட்டர் முள்ளுக்கு. மற்றொன்று எஞ்சினை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு. ஆகவே முள் சரியாக நிற்கிறது என்பதனாலேயே பெட்டிக்குச் செய்தி சொல்லும் சென்சாரும் சரி என்று கொள்ளலாகாது. ஒரே சென்சார் உள்ள புதிய வண்டிகளிலும், சூடு சில டிகிரி ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பலவற்றில் அமைத்துவிடுகிறார்கள். முள் அசையாதிருப்பது நோயின்மைக்குச் சான்றாகாது.

அது செய்யும் வேலை

பழைய அம்பாசடர் வண்டியை ஓட்டியவர்களுக்குச் சோக் இழுப்பது நினைவிருக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் நன்றாக ஆவியாகாது. ஆகையால் கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும். சோக்கை இழுத்துக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ள மறந்தால் புகையும் பெட்ரோல் செலவும் மிகும். அந்தக் கையின் வேலையை இன்று கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்று அதற்குச் சொல்வது உஷ்ண சென்சார்.

பெட்ரோலின் அளவு மட்டுமன்று. எஞ்சின் நின்றபடி ஓடும் வேகம், பொறி வைக்கும் நேரம், ரேடியேட்டர் விசிறியை எப்போது சுழற்றுவது, சூடு மிஞ்சினால் ஏர்கண்டிஷனை எப்போது நிறுத்துவது என்பனவும் இதன் சொல்லைக் கேட்டே நடக்கின்றன. டீசல் வண்டிகளில், கிளப்புவதற்குமுன் குளோ பிளக் எவ்வளவு நேரம் சூடாக வேண்டும் என்பதற்கும் இதுவே ஆதாரம். எடைக்கல் பொய்யானால் அன்றைய கொள்முதல் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடுவது போலத்தான் இதுவும். கணக்கு எழுதுபவர் பேரில் குற்றமில்லை. அவருக்கு வந்த எண் தவறு.

ஐந்து வோல்ட் கணக்கு

இந்தக் கணக்கை ஒரு முறை புரிந்துகொண்டால் பரீட்சைகள் அனைத்தும் தாமே விளங்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு நிலையான மின்தடையின் வழியாக 5 வோல்ட் மின்சாரத்தைச் சென்சாருக்கு அனுப்புகிறது. மற்றொரு ஒயர் அதனைத் தரைக்குத் திருப்புகிறது. சென்சாரின் மேல் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதைப் பார்த்துப் பெட்டி சூட்டைக் கணிக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மின்தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். சூடானால் இரண்டும் குறையும்.

பாஷ், சுசுகி முதலிய பல சென்சார்களில் காணப்படும் அளவுகள் ஏறத்தாழ வருமாறு:

0 டிகிரி சென்டிகிரேடில் 5,800 ஓம்
20 டிகிரியில் 2,500 ஓம்
40 டிகிரியில் 1,175 ஓம்
60 டிகிரியில் 600 ஓம்
80 டிகிரியில் 320 ஓம்
100 டிகிரியில் 185 ஓம்

எல்லா வண்டிகளுக்கும் இதே அளவு என்று எண்ணிவிடலாகாது. ஜெனரல் மோட்டார்ஸ் வழிச் சென்சார்களில் 20 டிகிரிக்குச் சுமார் 3,500 ஓம். போர்டு வண்டிகள் பலவற்றில் அதே சூட்டிற்குச் சுமார் 37,000 ஓம். ஆகையால் தமது வண்டிக்குரிய அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். உருவம் ஒத்திருக்கிறதென்று வேறு வண்டியின் சென்சாரை மாட்டினால், புதுச் சென்சாரே பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

இனி இரண்டு எல்லைகளைக் காண்போம். ஒயர் அறுந்துவிட்டால் மின்தடைக்கு எல்லையே இல்லை. பெட்டி 5 வோல்ட்டையும் முழுமையாகக் காணும். எஞ்சின் பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரிக் குளிரில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும். இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் வோல்ட் பூஜ்யமாகும். சூடு 130 டிகிரிக்கும் மேலே போய்விட்டதாகப் பெட்டி எண்ணும். இவ்விரண்டும் நம்ப முடியாத அளவுகளாதலால், பெட்டி உடனே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். பல வண்டிகளில் பாதுகாப்புக்காக விசிறியும் இடைவிடாது சுழலத் தொடங்கும்.

களிம்பு செய்யும் கேடு

முழுமையாக அறுந்த ஒயரைவிட, பாதி பழுதான கப்ளரே அதிகக் கெடுதி செய்வது. கப்ளருக்குள் ஈரம் புகுந்து ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் களிம்பு 300 ஓம் மின்தடையைச் சேர்க்கிறது என்று கொள்வோம். மேலே கண்ட அளவுகளைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

காலையில் எஞ்சின் 20 டிகிரியில் இருக்கிறது. சென்சார் 2,500 ஓம். களிம்பு 300 ஓம். பெட்டிக்குத் தெரிவது 2,800 ஓம். பெட்டி இதனை 17 டிகிரி என்று கொள்ளும். மூன்று டிகிரி வித்தியாசத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. வண்டி ஒழுங்காகக் கிளம்பும்.

எஞ்சின் 80 டிகிரிக்கு வந்ததும் சென்சார் 320 ஓம் காட்டுகிறது. களிம்பின் 300 ஓம் சேர்ந்து 620 ஆகிறது. பெட்டி இதனை 60 டிகிரிக்குச் சற்றுக் கீழ் என்று கொள்ளும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும்.

உண்மையான சூடு 100 டிகிரியை எட்டும்போது சென்சார் 185 ஓம்; களிம்புடன் 485 ஓம். பெட்டியின் கணக்கில் இது 67 டிகிரி மட்டுமே. விசிறி சுழல வேண்டிய வேளை அதுதான். ஆனால் 67 டிகிரியில் விசிறியைச் சுழற்றப் பெட்டிக்குக் காரணமேயில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். சந்தை வாசலில் நெரிசலில் நிற்கும்போதுதான் எஞ்சின் கொதிக்கும். 67 டிகிரி என்பது நம்பத்தக்க அளவாதலால், எச்சரிக்கை விளக்கும் எரியாமலிருக்கக்கூடும். மீட்டர் முள்ளும் அதே சென்சாரை நம்பியிருந்தால், அதுவும் ஓட்டுநருக்கு எதையும் காட்டாது.

ஈரம் இன்னொரு விதமாகவும் தீங்கு செய்யும். இரு ஊசிகளுக்கிடையே அது பாலம் போட்டு மின்சாரத்தைக் கசியவிட்டால், பிழை எதிர்த் திசையில் வரும். 2,500 ஓம் அளவுக்குக் கசிவு இருந்தால், 20 டிகிரிக் குளிரில் பெட்டிக்குத் தெரிவது 1,250 ஓம். அது 38 டிகிரிக்கு மேல் என்று எண்ணிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். எஞ்சின் 80 டிகிரிக்கு வந்தபின் இதே கசிவினால் வரும் பிழை 4 அல்லது 5 டிகிரியே. ஆகவே காலையில் கிளம்ப மறுத்து, சூடானபின் சரியாக ஓடும் வண்டியில் கசிவையும், காலையில் சரியாக இருந்து சூடானபின் தொல்லை தரும் வண்டியில் களிம்பையும் முதலில் சந்தேகிக்கலாம்.

நோயின் குறிகள்

சூடான எஞ்சினைக் குளிர்ந்ததாகச் சென்சார் சொன்னால்: கறுப்புப் புகை, பெட்ரோல் நெடி, கரி படிந்த ஸ்பார்க் பிளக், மைலேஜ் குறைதல், சூட்டில் மறுபடி கிளம்பாமை. நாளடைவில் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

குளிர்ந்த எஞ்சினைச் சூடானதாகச் சொன்னால்: காலையில் பல முறை சுற்றியும் கிளம்பாமை, கிளம்பியதும் அணைந்துவிடுதல், முதல் சில நிமிஷங்கள் தடுமாறி ஓடுதல், தேவையில்லாமல் விசிறி சுழல்தல்.

சில சமயம் சரியாகவும் சில சமயம் தவறாகவும் சொன்னால், பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மட்டும் இக்குறிகள் தோன்றி மறையும். அப்போது சென்சாரைவிட ஒயரையும் கப்ளரையுமே அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்.

பழி சுமத்துமுன் பார்க்க வேண்டியவை

மேலே சொன்ன குறிகள் சென்சாருக்கு மட்டுமே உரியவை அல்ல. முதலில் கூலண்ட் அளவைப் பார்க்க வேண்டும். சென்சார் தன்னைத் தொடும் பொருளின் சூட்டையே அளக்கும். கூலண்ட் வற்றி அதன் முனை வெற்றுக் காற்றில் இருந்தால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் குறைவான சூட்டையே அது சொல்லக்கூடும். இதில் சென்சார் குற்றமற்றது.

அடுத்தது தெர்மோஸ்டாட். கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் இவ்வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் உண்மையிலேயே சூடாகாது. சென்சார் குறைந்த சூட்டைச் சொல்வது மெய்யே. மூடியபடி சிக்கினால் கொதிக்கும். விசிறி சுழலாமைக்கு அதன் ஃபியூஸ், ரிலே, மோட்டார் ஆகிய ஏதும் காரணமாகலாம். கண்ணாடி கோணலாய்க் காட்டினால் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முகமே கோணலாயிருந்தால் கண்ணாடியை மாற்றிப் பயனென்ன?

பரீட்சிக்கும் முறை

பின்வரும் பரீட்சைகள் செலவில்லாததில் தொடங்கி வரிசையாகச் செல்பவை. இவ்வரிசையை மாற்றாமலிருப்பது நல்லது.

1. கண்ணால் பார்த்தல். எஞ்சின் ஆறியிருக்கும்போது கப்ளரைக் கழற்றி உள்ளே பச்சைக் களிம்பு, ஈரம், வளைந்த ஊசி உண்டா என்று பார்க்க. ஒயரை அதன் நீளம் முழுவதும் தடவிப் பார்க்க. நெல்லும் தவிடும் உள்ள கொட்டகையில் வண்டி நிற்குமானால் எலி கடித்திருக்கலாம். களிம்பைக் காண்டாக்ட் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்து மாட்டிய பின்பே அடுத்த பரீட்சைக்குச் செல்ல வேண்டும்.

2. காலைப் பரீட்சை. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் எண்ணைப் பார்க்க. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, ஸ்டியரிங்கின் கீழ், 16 ஊசிகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இம்முறை கட்டாயமாயிற்று; இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010இல் முதற்கட்டமும் 2013இல் இரண்டாங் கட்டமும் வந்தன. கைத்தொலைபேசியுடன் இணையும் சிறு ஸ்கேனரே போதும். கூலண்ட் சூடு, உள்ளே இழுக்கும் காற்றின் சூடு, கொட்டகையில் தொங்கும் உஷ்ணமானி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றாயிருக்க வேண்டும். கொட்டகையில் 27 டிகிரி, காற்று 28, கூலண்ட் 45 என்றிருந்தால் பொய் சொல்வது யார் என்பது விளங்கிவிடும்.

3. சூடேறும்போது பார்த்தல். எஞ்சினைக் கிளப்பி எண்ணைக் கவனிக்க. அது படிப்படியாக ஏறி, வண்டிக்கேற்ப 80 முதல் 90 டிகிரியளவில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது சற்றுத் தயங்கி, பிறகு விசிறி சுழலும் வரை போக வேண்டும். திடீரென்று 70இலிருந்து 30க்கு விழுந்து மீண்டும் ஏறினால், எஞ்சின் அப்படிக் குளிர்ந்து சூடாவது இயலாத காரியம். சென்சாரோ ஒயரோ துண்டுபட்டுச் சேர்கிறது என்றே பொருள். ஒயரை மெல்ல அசைத்து எண் துள்ளுகிறதா என்றும் பார்க்கலாம். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு உஷ்ணமானி இருந்தால், சென்சாருக்கு அருகேயுள்ள உறையில் அளந்து ஒப்பிடலாம். பளபளக்கும் உலோகம் அக்கருவியை ஏமாற்றும்; ஆதலால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே அவ்விடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி வைத்து, பிறகு அதன்மேல் அளக்க வேண்டும்.

4. கழற்றியும் இணைத்தும் பார்த்தல். எஞ்சின் ஓடாமல், சாவி மட்டும் திருப்பியிருக்க, கப்ளரைக் கழற்றுக. ஸ்கேனரில் பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரி தோன்ற வேண்டும். பிறகு கப்ளரின் இரு துளைகளையும் மெல்லிய கம்பியால் இணைத்தால் 130 டிகிரிக்கு மேல் தோன்ற வேண்டும். இரண்டும் தோன்றினால் ஒயரும் பெட்டியும் நலம், நோய் சென்சாரில். தோன்றாவிட்டால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. ஒயரைத் தொடர்ந்து தேட வேண்டும். சில வண்டிகளில் பெட்டி இப்பிழையைக் கண்டதும் தானாகவே ஒரு கற்பனை எண்ணைக் காட்டும்; அவ்வண்டிகளில் மல்டிமீட்டரால் கப்ளரின் இரு துளைகளுக்கிடையே 5 வோல்ட் உண்டா என்று பார்ப்பதே சரியான முறை. இணைக்கும் கம்பி வேறு எந்த ஒயரையும், முக்கியமாக 12 வோல்ட் உள்ள எதையும் தொடலாகாது. தொட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகிவிடும்.

5. வெந்நீர்ப் பரீட்சை. சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு ஊசிகளிலும் இணைக்க. பித்தளை முனை மட்டும் நனையும்படி நீரில் தொங்கவிட்டு, உஷ்ணமானியையும் அதே நீரில் வைத்து மெல்லச் சூடாக்குக. சென்சாரும் உஷ்ணமானியும் பாத்திரத்தின் அடியைத் தொடலாகாது. 40, 60, 80 டிகிரிகளில் ஓம் அளவைக் குறித்துக் கையேட்டுடன் ஒப்பிடுக. எண் ஒழுங்காக இறங்கி வர வேண்டும். தாவினால் சென்சார் கெட்டது. உஷ்ணமானி இல்லாதவர்கள் பனிக்கட்டி கரையும் நீரை 0 டிகிரியாகவும் கொதிநீரை 100 டிகிரியாகவும் கொள்ளலாம். ஆனால் நீலகிரி அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்: கடல் மட்டத்திற்குச் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். அங்கே கொதிநீரை 100 டிகிரி என்று கொண்டால் நல்ல சென்சாரையும் கெட்டதென்று எறிய நேரும்.

பிழை எண்களைப் படித்தல்

ஸ்கேனர் காட்டும் எண்களைச் சரியாகப் பொருள் கொள்ள வேண்டும். பி 0115 என்பது இச்சென்சாரின் மின்வழியில் பொதுவான கோளாறு. பி 0116 சொல்லும் சூடு பொருத்தமற்றது. பி 0119 விட்டுவிட்டு வரும் கோளாறு. பி 0117 என்பதைக் குறைந்த அளவு என்றும், பி 0118 என்பதை அதிக அளவு என்றும் ஸ்கேனர் காட்டும். இவை சூட்டின் அளவல்ல, வோல்ட்டின் அளவு. வோல்ட் குறைவென்றால் சூடு அதிகமாகத் தோன்றுகிறது, ஒயர்கள் ஒட்டியிருக்கலாம். வோல்ட் அதிகமென்றால் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது, ஒயர் அறுந்திருக்கலாம். இதனைத் தலைகீழாகப் படித்தால் தேடுதலும் தலைகீழாகும். பி 0128 வந்தால் எஞ்சின் உரிய சூட்டை அடையவில்லை என்று பொருள். அப்போது முதலில் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும்.

எண் சென்சாரின் பெயரைச் சொல்கிறது என்பதனாலேயே சென்சார்தான் குற்றவாளி என்று முடிவு செய்யலாகாது. அது வழக்கு எந்த வீதியில் நடந்தது என்று சொல்லும். குற்றவாளி யாரென்று சொல்லாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்பே ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதனால் திரவம் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே நீராவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேக வைத்துவிடும். இவ்விஷயத்தில் அவசரம் ஆகாது.

கூலண்டைச் சிறிது வடித்துவிட்டுச் சென்சாரைக் கழற்றுக. புதிய வாஷர் அல்லது ரப்பர் வளையத்துடன் மாட்டுக. பிளாஸ்டிக் தலையைத் திருகாமல் பித்தளை முகப்பில் ஸ்பானரை வைத்து, கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்குக. அதிகமாக இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை கெடும். ஒற்றை ஒயர் கொண்ட மீட்டர் சென்சார்கள் தம் உடல் வழியாகவே தரையைப் பெறுகின்றன. அவற்றின் மரையில் டேப் சுற்றினால் மின்வழி கெடும். பிறகு வண்டிக்குரிய கூலண்டை உரிய விகிதத்தில் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். சென்சார் முனையில் காற்றுக்குமிழ் நின்றால் புதுச் சென்சாரும் தவறாகச் சொல்லும். உப்பு நிறைந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். அது உள்ளே காறையாகப் படிந்து சூடு வெளியேறாமல் தடுத்துவிடும். கடைசியாகப் பிழை எண்ணை அழித்து, மறுநாள் காலைப் பரீட்சையை மீண்டும் செய்து பார்த்தால்தான் வேலை முடிந்ததாகும்.

வழியில் நேர்ந்தால்

வழியில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் உடனே ஏர்கண்டிஷனை நிறுத்தி, ஹீட்டரை முழுமையாகத் திருப்பி, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க. சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. உலோகம் விரிசல் காணும். ஆறிய பின் கூலண்ட் அளவைப் பார்க்க. அளவு சரியாயிருந்து விசிறி மட்டும் சுழலாதிருந்தால், பல வண்டிகளில் சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்பினால் விசிறி தொடர்ந்து சுழலும். அவ்வாறு சுழன்றால் மெதுவாகப் பட்டறை வரை சென்று சேரலாம். அப்போது மீட்டர் முள் வேலை செய்யாது என்பதை மறவாமல், நீராவியோ வழக்கமில்லாத நெடியோ வருகிறதா என்று கவனித்துக்கொண்டே செல்ல வேண்டும். இது வழிச்செலவுக்குரிய உபாயமேயன்றி வைத்தியமன்று. விசிறியை நேரடியாகப் பாட்டரியில் இணைத்து அப்படியே பல மாதம் ஓட்டுவோர் உளர். அவர்கள் விசிறியைத்தான் சுழற்றுகிறார்கள். பெட்ரோல் கணக்கு பிழையாகவே நடந்துகொண்டிருக்கும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை

மேற்கண்ட பரீட்சைகளுக்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், ஒரு சிறு ஸ்கேனர், ஓர் உஷ்ணமானி ஆகிய மூன்றே. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. சங்கத்திற்குப் பொதுவாக ஒரு தொகுதி வாங்கி அலுவலகத்தில் வைத்து, கையெழுத்திட்டு எடுத்துச் செல்லும்படி ஏற்பாடு செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வண்டியின் வகை, காலையில் கண்ட மூன்று சூட்டளவுகள், சென்சாரின் ஓம் அளவுகள் ஆகியவற்றை எழுதி வந்தால், நலமாயிருக்கும்போது வண்டி காட்டிய எண் எதுவென்று பின்னால் தெரியும். நோய்க்காலத்தில் அதைவிடப் பயனுள்ள ஆதாரம் வேறில்லை.

பட்டறைக்குச் செல்வோர் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்கலாம். குளிர்ந்த நிலையில் என்ன எண் வந்தது? கப்ளரைக் கழற்றியபோதும் இணைத்தபோதும் என்ன எண் வந்தது? கழற்றிய சென்சாரின் ஓம் அளவு என்ன? தொழில் தெரிந்தவர் இதனால் கோபம் கொள்ளமாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார். இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் எந்தப் பொருளை மாற்றினாலும் அது அவசியமான செலவே. விடை கிடைக்குமுன் மாற்றும் ஒவ்வொரு பொருளும், தறியில் உட்கார்ந்தும் வயலில் குனிந்தும் ஈட்டிய பணத்தைக் கணக்கின்றி இறைப்பதாகும்.